மாரிக்கு ஒரு முறை

"நிக்காதட்டி! நீ போ! போயிட்டே இரு!"

பின் சீட்டிலிருந்து வந்த குரலில் என் வலது கால் ஒரு கணம் தடுமாறிவிட்டது. காருக்கு இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், மாரி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். நான் அசைந்தால் அவள் கீழே விழுவாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாசிக் பக்கத்து மலைச்சாலை அது. மழைக்காலம் முடிந்த கையோடு நடந்த பந்தயம். சாலையின் இரண்டு பக்கமும் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஈரமண் வாசனையோடு பிரேக் கட்டை சூடாகும் வாசனையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

என் பக்கத்து சீட்டில் டீமின் கோச் ராகவன் சார். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மாரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "நஸ்ரினுக்கு பங்சர். சக்கரம் மாத்தியாச்சு. பின்னாடி தனியா வந்துண்டிருக்கா. நீ நின்னு அவளைக் கூட்டிண்டு வா."

அதற்குத்தான் பின் சீட்டில் அந்தக் கூச்சல். கூச்சல் போட்டவள் மாரியின் அம்மா பேச்சியம்மாள். மகள் ஓட்டும் பந்தயத்தை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்க்க வந்திருந்தாள்.

மாரி திரும்பினாள். முதலில் சாரைப் பார்த்தாள். பிறகு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்த அம்மாவைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் என்ன சொல்லின என்று தெரியவில்லை. முன்னால் போன சிறு கூட்டத்தில் அவளும் ஒருத்தி. எல்லைக்கோடு வெகுதூரத்தில் இல்லை. காலில் பலமும் மிச்சம் இருந்தது.

மிதிப்பதை நிறுத்தினாள். கூட்டம் அவளை விட்டுவிட்டுப் போனது.

மெதுவாக ஓட்டத் தெரிந்தவள்

மோட்டார் டிரெயினிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நான் சைக்கிள் டீமுக்குக் காரோட்டப் போன கதையை இந்தத் தொடரில் முன்பே தொட்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

செம்பூரில் எங்கள் ஸ்கூல். டிராம்பே போகிற சாலையில், டேங்கர் லாரிகளுக்கு நடுவில், கைநடுங்கும் ஆட்களை உட்காரவைத்துப் பல வருஷம் கழித்தவள் நான். ஒருநாள் மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, காலில் ஓட்டப்பந்தய ஷூ. வண்டி கற்றுக்கொள்ள வந்தவர் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

"எனக்கு டிரைவர் வேணும்மா. வேகமா ஓட்டறவா ஊர் பூரா இருக்கா. நாள் முழுக்க மெதுவா ஓட்டத் தெரிஞ்சவா வேணும்" என்றார்.

அவர்தான் ராகவன் சார். இளம் வயதில் பந்தய சைக்கிள் ஓட்டியவர். பாங்க் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, ஒரு பைப் கம்பெனிக்காரரைப் பிடித்து, ஆறு பெண்களை வைத்து டீம் நடத்திவந்தார். எல்லாரும் இருபது வயதை ஒட்டியவர்கள். மாதச் சம்பளம் உண்டு. சைக்கிள், ஷூ, ஊர் ஊராகப் போகும் செலவு எல்லாம் டீம் பார்த்துக்கொள்ளும்.

சைக்கிள் பந்தயம் என்றால் யார் வேகமாக மிதிக்கிறாரோ அவர் ஜெயிப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, எல்லாம் காற்று. முன்னால் போகிறவள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பாதிச் சிரமம் குறையும். நம் ஊரில் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குவார்கள். இங்கே காற்று வாங்குவது என்றால் அடுத்தவளுக்காக அடி வாங்குவது.

ஒவ்வொரு டீமிலும் ஜெயிக்கக்கூடியவள் ஒருத்தி இருப்பாள். மற்றவர்கள் அவளுக்குக் காற்றை மறைத்து, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசி மேடு வரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அப்படி ஓட்டுபவர்களுக்கு பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் உண்டாம். "வீட்டு வேலையாள்னு அர்த்தம்" என்று ராகவன் சார் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்.

பக்கத்தில் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மாரி நிமிரவில்லை. அவள் அம்மா சயானிலும் மாட்டுங்காவிலும் வீட்டு வேலை பார்ப்பவள்.

இரண்டு பேர்

எங்கள் டீமில் ஜெயிக்கக்கூடியவள் நஸ்ரின். குர்லாவில் அவளுடைய வாப்பாவுக்கு பை தைக்கும் பட்டறை. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். தமிழ் பேசுவாள், ஆனால் மூன்று வார்த்தைக்கு ஒன்று ஹிந்தி. மேடு வந்தால் அந்த ஒல்லி உடம்பு பறக்கும். வாயும் அப்படித்தான், நினைத்ததைச் சொல்லிவிடுவாள்.

முத்துமாரி தாராவிப் பெண். அகலமான தோள், அழுத்தமான கால். சமதரையில் அவள் முன்னால் போனால் பின்னால் இருப்பவர்களுக்குச் சுவர் போல. பேச்சு குறைவு. அவளை எல்லாரும் மாரி என்போம்.

இருவருக்கும் நல்ல சிநேகம். பந்தயத்தின்போது நஸ்ரின் எங்கே இருக்கிறாள் என்று மாரி திரும்பிப் பார்க்கவே மாட்டாள். சக்கரத்தின் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பாள்.

பேச்சியம்மாளை அன்று காரில் ஏற்றியதே விதிக்குப் புறம்பானது. டீம் ஆட்கள் மட்டும்தான் காரில் வரலாம். "ஒரு தடவ பாக்கணும் சார். அஞ்சு வீட்டுலயும் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று அவள் நின்றதும் ராகவன் சார் டீமின் டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். உபரிச் சக்கரங்களை மடியில் அணைத்துக்கொண்டு, கோவிலுக்குப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

என்னைவிட மூத்தவள்தான். ஆனாலும் ஸ்டியரிங் பிடித்திருந்ததால் நான் அவளுக்கு "யக்கா" ஆகிவிட்டேன்.

"யக்கா, எம்மவ முன்னால போறா பாத்தியளா!" என்று அவள் பூரித்துச் சொல்லி வாய் மூடுவதற்குள்தான் நஸ்ரினுக்கு பங்சர் ஆனது.

மேடைக்குக் கீழே

மாரி காத்திருந்தாள். நஸ்ரின் வந்ததும் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்தாள், இழுத்தாள், கடைசி மேட்டின் அடிவாரம் வரைக்கும். முன்னால் போன கூட்டத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். நாங்கள் அவளைத் தாண்டிப் போனபோது ஹேண்டில்பாரில் தலை கவிழ்ந்திருந்தது. பேச்சியம்மாள் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நஸ்ரின் ஜெயித்தாள். மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மாரி கடைசியில் வந்தவர்களோடு வந்து சேர்ந்து, ஒரு குழாயடியில் எல்லாருடைய தண்ணீர் பாட்டில்களையும் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அது அவள் பழக்கம்.

அதைத்தான் பேச்சியம்மாள் பார்த்தாள்.

நேரே ராகவன் சாரிடம் போனாள். "சார், ஒண்ணு கேக்கேன். பாடுபட்டது பூரா எம்மவ. மாலை அந்தப் புள்ளைக்கா?"

"இது டீம் கேம்மா. டீம்தான் ஜெயிச்சிருக்கு."

"அப்ப டீமுக்குல்லா மாலை போடணும்? ஒருத்தி கழுத்துலதான கெடக்கு." அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அடுத்தவங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொழப்பு என்னோட போகட்டும்னுதான் இவள இதுக்கு விட்டேன். இங்கயும் அதே வேலைதானா சார்? எம்மவளுக்கு எப்ப முறை?"

"ரேஸ்ல முறையெல்லாம் கிடையாதும்மா."

"எங்க சந்துல ஒரு குழாய், இருவது வீடு. அங்கயே முறை உண்டு."

பேச்சியம்மாள் டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து, கார் பானட்டின் மேல் வைத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தாராவிக்குத் திரும்பிவிட்டாள்.

ஐரோலிப் பாலம்

மாரி அடுத்த வாரம் சைக்கிளைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள். "அம்மா வேண்டாங்குறா அக்கா" என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

ஐரோலியில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை கிடைத்துப் போய்வருகிறாள் என்று கேள்விப்பட்டோம்.

டீம் தடுமாறியது. வேறொருத்தியை நஸ்ரினுக்கு முன்னால் ஓட்டவைத்துப் பார்த்தார் ராகவன் சார். அடுத்த பந்தயத்தில் நஸ்ரின் எங்கோ பின்னால் வந்தாள். பைப் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது.

காலையில் ஐரோலிப் பாலத்தில் பயிற்சி நடக்கும். கீழே கழிமுகத்து உப்புச்சேற்று நாற்றம், குளிர்காலம் என்றால் தூரத்தில் ரோஜா நிறத்தில் பூநாரைக் கூட்டம். அன்று நானும் ராகவன் சாரும் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னலோரம் மாரி, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு.

நஸ்ரின் அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், எழுந்து நின்று மிதித்து பஸ்ஸின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டாள். "பைத்தியமே, விலகு!" என்று ராகவன் சார் கத்தியது அவள் காதில் விழவேயில்லை. பாலம் முடிந்து ஸ்டாப் வந்ததும் பஸ்ஸின் தகரத்தில் பட்பட்டென்று தட்டினாள்.

மாரி இறங்கி வந்தாள்.

"க்யா ரே, பஸ்ல போறியா?" என்றாள் நஸ்ரின், மூச்சிரைக்க.

மாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி இருவரும் அழுதார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் வேடிக்கை பார்த்தது.

"உன் அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாள் நஸ்ரின்.

இரும்பு ஏணிக்கு மேலே

தாராவியில் மாரியின் வீடு மாடியறை. சந்திலிருந்து இரும்பு ஏணியில்தான் ஏறவேண்டும். நானும் நஸ்ரினும் ராகவன் சாரும் ஏறிப் போனோம். சார் கூடவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிவந்தார்.

பேச்சியம்மாள் எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. கோபத்திலும் அவளுக்கு உபசரிப்பு குறையவில்லை.

நஸ்ரின் சுற்றி வளைக்கவில்லை. "ஆன்ட்டி, சச், உண்மையச் சொல்றேன். மாரி இல்லாம நான் ஜெயிக்க மாட்டேன்."

"அப்ப ஜெயிக்கிறது அவதான? நீ ஏன் மேடையில ஏறுத?"

நஸ்ரின் டீ தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அப்டீன்னா ஒரு ரேஸ் அவளுக்கு. நான் அவளுக்கு முன்னால ஓட்டறேன். பக்கா."

"அதெல்லாம் நடக்காது" என்றார் ராகவன் சார் சட்டென்று. "ஏற்கெனவே கம்பெனிக்காரன் போன் பண்ணிண்டிருக்கான். இன்னொரு ரேஸ் தோத்தா டீமே இருக்காது. நானும்தான் அந்தக் காலத்துல வருஷக்கணக்கா இன்னொருத்தனுக்காக ஓட்டினேன். எனக்கு யாரும் முறை கொடுக்கலை. நான் கேட்டேனா?"

"கேட்டிருக்கணும் சார்" என்றாள் பேச்சியம்மாள்.

அதில் குத்தல் இல்லை. தன் வீட்டு ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ராகவன் சார் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு, "ஒரு ரேஸ்" என்றார்.

திரும்பும்போது மாரி சந்து முனைவரை எங்களோடு வந்தாள். "உனக்கு ஜெயிக்க ஆசையா மாரி?" என்று கேட்டேன். இத்தனை நாளும் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஆசை இல்லாம இருக்குமாக்கா? அவ பின்னால இருந்தா எனக்குத் தனி பலம் வருது, அதும் நிஜந்தான்" என்றாள். "ரெண்டும் இருக்கு."

தலைகீழ்

புணேவுக்குத் தெற்கே ஒரு மலைப்பாதையில் அந்தப் பந்தயம். பேச்சியம்மாள் மறுபடி காரில். மறுபடி சேலைக்கு மேல் டி-ஷர்ட்.

நஸ்ரினுக்கு அந்த வேலை வரவேயில்லை. மாரிக்கு முன்னால் போனவள் வேகம் பிடித்து அவளை விட்டுவிட்டே போய்விட்டாள். திரும்பிப் பார்த்து அசடு வழிந்தபடி வேகத்தைக் குறைத்தாள். தண்ணீர் எடுத்துப்போக வந்தவள் பாட்டில்களைச் சட்டைக்குள் திணிக்கத் தெரியாமல் இரண்டை ரோட்டில் போட்டாள். எங்கள் பின்னால் வந்த டீம் கார்க்காரர் அதைத் தவிர்க்க வளைந்து, ஹாரனில் எங்களைத் திட்டினார்.

"இந்தப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது. மறைக்கமாட்டாள்.

பிறகு எதிர்க்காற்று ஆரம்பித்தது. மலைக்கு முன்னால் நீண்ட திறந்தவெளி. ஒரு மரம் கிடையாது. முன்னால் தப்பித்துப்போன நான்கைந்து பேரை அங்கே பிடித்தாகவேண்டும். நஸ்ரினின் உடம்பு அதற்கான உடம்பில்லை. மேட்டில் பறக்கிற உடம்பு, காற்றில் காகிதம். ஆனாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனாள். தோள்கள் ஆட ஆரம்பித்தன. சைக்கிள் நேர்கோட்டில் போகவில்லை. மாரி பின்னாலிருந்து, "போதும், விடு!" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. நஸ்ரின் விடவில்லை.

முன்னால் போனவர்களைப் பிடித்தார்கள். மலை ஆரம்பித்தது. நஸ்ரின் ஓரத்துக்கு ஒதுங்கி, சைக்கிளோடு புல்லில் சரிந்தாள்.

நாங்கள் அருகே வந்தபோது மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"நிறுத்த முடியாதும்மா" என்றார் ராகவன் சார். "உங்க பொண்ணு முன்னாடி தனியா இருக்கா. அவளுக்கு ஒண்ணுன்னா நாமதான் பக்கத்துல இருக்கணும். பின்னால வேன் வரும், இவளை ஏத்திப்பா."

"எம்மவகிட்ட நீங்க போங்க. நான் எறங்குதேன்."

"இறங்கினா ரேஸைப் பார்க்க முடியாதும்மா!"

"யக்கா, நிறுத்துங்க."

ஓரம் கட்டினேன். அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் நடந்தாள். கண்ணாடியில் கடைசியாக நான் பார்த்தது, நஸ்ரினின் நெற்றியைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்திருந்ததை.

மேலே மாரி அதுவரை ஓட்டாத மாதிரி ஓட்டினாள். மேடு அவளுக்குப் பகை. ஒவ்வொரு வளைவிலும் பின்தங்கினாள், ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டாள். என் பக்கத்தில் ராகவன் சார், காரில் இல்லாத ஒரு பெடலை இடது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது மாரியும் ஒரு புணேப் பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

புணேப் பெண் ஒரு சக்கர அளவு முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

வேன் வந்தது

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாரி ஐரோலி வேலைக்குத் திரும்பவில்லை. பெரும்பாலும் நஸ்ரினுக்காகத்தான் ஓட்டினாள், இன்றும் ஓட்டுகிறாள். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டில் ஒரு பந்தயம் சொந்தம் என்ற ஏற்பாடு டீமில் வந்துவிட்டது. பைப் கம்பெனிக்காரர் முணுமுணுத்துவிட்டுப் பணத்தைத் தொடர்ந்து தந்தார். ராகவன் சார் அந்த ஏற்பாட்டைத் தன்னுடைய யோசனை என்று வெளியாட்களிடம் சொல்வார். நாங்கள் மறுப்பதில்லை.

அன்று, மாரி மேடையில் இரண்டாவது இடத்தில் நின்றபோது கீழே அவள் அம்மா இல்லை. மாலையோடு கூட்டத்தில் தேடிக்கொண்டேயிருந்தாள். போட்டோவில்கூட அவள் பார்வை வேறெங்கோதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு வேன் வந்தது. பின்கதவு திறந்தது. பேச்சியம்மாளின் மடியில் தலைவைத்து நஸ்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பி இறக்கிவிட்டு, "எத்தனாவது?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"ரெண்டாவதும்மா" என்றாள் மாரி.

நஸ்ரின் கத்திக்கொண்டு போய் மாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேச்சியம்மாள் மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு, "மொதல்ல வந்த புள்ள எது?" என்றாள்.

மாரி காட்டினாள். கோப்பையோடு தன் வீட்டாருக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

"அவளுக்கு யாரு பாடுபட்டா?"

ராகவன் சாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாரிக்குத்தான் தெரிந்தது. "அந்தா, அந்த நீலச் சட்டை" என்றாள். அவர்கள் டீம் டெம்போவின் நிழலில், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டையான ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

காரின் டிக்கியில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. பேச்சியம்மாள் இரண்டு எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் மராட்டிக்காரி. இவளுக்குத் தெரிந்தது வேலைக்குப் போகிற வீடுகளில் கற்ற ஹிந்தி.

"லே, கா லே" என்று, தின்னச் சொல்லி நீட்டினாள்.

அந்தப் பெண் எங்கள் டீமின் டி-ஷர்ட்டைப் பார்த்துத் தயங்கினாள். பேச்சியம்மாள் விடவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பழத்தை உரித்து, நாரை எடுத்துவிட்டு, முதல் சுளையை அவள் கையில் வைத்தாள்.